பரமக்குடி வரைக்கும்

பரமக்குடி,
2-8-1959

அன்புள்ள மதினி அருள்மேரி அவர்களுக்கு,

நானும் அய்யாவும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் அண்ணனும் உங்கள் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும்.

உங்களை நான் பார்த்ததில்லை. என் அண்ணன் நாகநாதனைக் கட்டியவர், தங்கச்சிமடத்துக்காரர் என்பதைத் தவிர உங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்டவருக்கு எழுதும் முதல் கடிதத்தை நன்றி சொல்லி ஆரம்பிக்கும்படி நேர்ந்தது என் பாக்கியம்.

புதன்கிழமை ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து, "டீச்சர், ஒங்க பேருக்கு ஒரு சைக்கிள் வந்து கெடக்கு" என்றார். சாக்குச் சுற்றி, சணல் போட்டுக் கட்டிய லேடீஸ் சைக்கிள். அனுப்பியவர் பெயர் ம. அருள்மேரி, பாம்பன் என்று ரயில்வே ரசீதில் இருந்தது. சாக்கைப் பிரித்துப் பார்த்தால், சீட்டை என் உயரத்துக்குச் சரியாக வைத்து முடுக்கியிருந்தது. என் உயரம் தெரிந்தவர் அந்தக் கரையில் ஒருவர்தான் உண்டு.

நான்கு வருஷத்துக்கு முன் அண்ணன் உங்களை மாதா கோயிலில் வைத்துக் கல்யாணம் செய்தபோது, இனிமேல் இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று அய்யா சொன்னார். அண்ணன் எழுதிய இரண்டு கடிதங்களையும் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். மூன்றாவது வரவில்லை. சைக்கிள் ஏன் உங்கள் பெயரில் வந்தது என்பது எனக்குப் புரிந்தது.

மதுரையில் ஆசிரியப் பயிற்சியில் இருந்தபோது விடுதி மைதானத்தில் இரவல் சைக்கிளில் பழகினேன். இப்போது இங்கே பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். சனி ஞாயிறு அபிராமம் பக்கம் எங்கள் ஊருக்குப் போய் அய்யாவைப் பார்த்து வருவேன். நூலகத்தில் இருக்கிற பிரயாணப் புத்தகங்கள் எல்லாவற்றையும் படித்தாகிவிட்டது. கடைசியில் எனக்கு வாய்த்த பிரயாணப் புத்தகம் ரயில்வே கால அட்டவணைதான். அதைப் பார்த்து ஒரு திட்டம் போட்டிருக்கிறேன்.

செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறை. முதல் நாள் இங்கிருந்து ராமநாதபுரம் வரை சைக்கிள். என்னோடு பயிற்சியில் படித்த முருகம்மாள் அங்கே இருக்கிறாள். அவள் வீட்டில் தங்கல். மறுநாள் மண்டபம். பாம்பன் பாலத்தில் ரயில் மட்டும்தானே போகும். ஆகையால் சைக்கிளைக் கடைசியில் இருக்கும் கார்டு வண்டியில் ஏற்றி, நான் பெண்கள் பெட்டியில் ஏறி, கடலைக் கடந்து பாம்பனில் இறங்கிவிடுவேன். அங்கிருந்து உங்கள் வாசல். திரும்பும்போது முழுக்க ரயில்.

வரலாமா என்று எழுதுங்கள். அண்ணனிடம் சொல்லுங்கள்: பெல் நன்றாக அடிக்கிறது.

உங்கள் அன்புக்குக் கடமைப்பட்ட,
கூ. உலகம்மாள்


சேசு மரி சூசை துணை

தங்கச்சிமடம்,
14-8-1959

அன்புள்ள உலகம்மாளுக்கு,

தேவன் கிருபையால் நாங்கள் நலம். நீங்களும் மாமாவும் நலமாக இருக்க நாளும் செபம் சொல்கிறேன். இது சும்மா எழுதும் வார்த்தை இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை உங்கள் அண்ணன் கடையில் வைத்துப் படித்தார். வாடகைக்குச் சைக்கிள் கேட்டு வந்தவரை, "இன்னைக்கு எல்லா வண்டியும் ரிப்பேரு" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். கடையில் ஏழு வண்டி நன்றாக நின்றுகொண்டிருந்தது. பிறகு என்னிடம், "பெல் அடிக்குதாம்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அவர் எழுதச் சொன்னது: செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடக் கூடாது, மண்ணை இழுக்கும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டு, மெஷின் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விடவும். ரயிலில் ஏற்றும் முன்பு லைட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளவும்.

நீங்கள் வருவதாக எழுதியதைப் படித்து எனக்கு அழுகை வந்தது. ஆனால் புரட்டாசி வரைக்கும் கச்சான் காற்று. மேற்கேயிருந்து மண்ணை வாரி அடிக்கும். இப்போது வேண்டாம். தை மாதத்தில் வாருங்கள். தையில் வாடை ஓய்ந்து கொண்டல் வீசும். அது கிழக்கேயிருந்து வரும் காற்று. அப்போது நீங்கள் முதலில் ரயிலில் இங்கே வந்துவிட்டு, இங்கிருந்து சைக்கிளில் ஊருக்குத் திரும்பினால் சிரமமே இருக்காது. என் அப்பா மரியதாஸ் நாற்பது வருஷமாகப் பாய் கட்டிப் போகிறவர். அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

மாமாவுக்கு இருமல் உண்டு என்று அவர் சொல்வார். இப்போது எப்படி இருக்கிறது?

அன்புடன்,
அருள்மேரி


பரமக்குடி,
23-8-1959

அன்புள்ள மதினிக்கு,

சுகம். அய்யாவுக்கு இருமல் விட்டுவிட்டது. நீங்கள் கேட்டீர்கள் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மன்னியுங்கள். கேட்டதற்கு நான் நன்றி சொல்கிறேன்.

காற்றைப் பற்றி நீங்கள் எழுதியதை வைத்துக்கொண்டு படம் போட்டுப் பார்த்தேன். கச்சான் மேற்கேயிருந்து வீசுகிறது. நானும் மேற்கேயிருந்துதான் வருகிறேன். அப்படியானால் அது என் முதுகில்தானே இருக்கும்? திரும்பி வருவதற்கு ரயில் இருக்கிறது. மண் பறந்தால் முக்காடு போட்டுக்கொள்ளலாம். என் கணக்கில் எங்கே தப்பு என்று உங்கள் அப்பாவைக் கேட்டு எழுதுங்கள். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடமும் எடுப்பதால், தப்பு எங்கே என்று தெரியாமல் என்னால் இருக்க முடியாது.

இன்னொன்று. நீங்கள் என்னை விட மூத்தவர். 'நீ' என்றே எழுதுங்கள்.

அன்புள்ள,
உலகம்மாள்


சேசு மரி சூசை துணை

தங்கச்சிமடம்,
4-10-1959

அன்புள்ள உலகம்மாளுக்கு,

நாங்கள் நலம். உன் நலத்துக்கும் மாமா நலத்துக்கும் எழுது.

ஆறு வாரமாகப் பதில் போடவில்லை. கோபித்துக்கொள்ளாதே. நாலு தடவை எழுதி, நாலையும் அடுப்பில் போட்டேன். விடுமுறையும் கழிந்துபோய்விட்டது.

உன் கணக்கில் தப்பு இல்லை. அப்பாவும் அதைத்தான் சொன்னார். "அந்தப் புள்ள கெட்டிக்காரி. கச்சான்ல பாய் கட்டாமயே வந்து சேந்துரும்" என்றார். கச்சான் உன்னை எங்கள் வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடும். நீ வருவதற்கு அது நல்ல காற்று. உன்னோடு நாங்கள் வருவதற்குத்தான் கொண்டல் வேண்டும்.

எழுதிவிட்டேன். இனி அடுப்பில் போட மாட்டேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நானும் அவரும் மானாமதுரைக்கு டிக்கெட் எடுத்து ரயில் ஏறினோம். பரமக்குடியில் இறங்கிவிடலாம் என்று ஏறும்போதே அவர் மனசில் இருந்தது, எனக்குத் தெரியும். பரமக்குடி வந்ததும் பையைக் கையில் எடுத்துக்கொண்டு படி வரைக்கும் போனார். வண்டி நின்ற நேரமெல்லாம் அங்கேயே நின்றார். வண்டி புறப்பட்டதும் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மானாமதுரையில் இறங்கி, டீ குடித்துவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பினோம்.

ரயில் அவருக்குச் சரிப்படாது. பரமக்குடியில் சில நிமிஷம்தான் நிற்கும். அதற்குள் ரெண்டு வருஷப் பிரிவைத் தாண்டி இறங்க அவரால் ஏலவில்லை. சைக்கிளில் என்றால் மூன்று நாள் இருக்கிறது. நடுவில் நிற்கலாம், உட்காரலாம், மரத்தடியில் தண்ணீர் குடிக்கலாம். மனசும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேரும் என்று நினைத்தேன். நீ திட்டம் போட்டு எழுதியதைப் படித்தபோதுதான் எனக்கு இந்த யோசனை வந்தது.

பொங்கலன்று எங்கள் தெருவில் பொங்கல் கிடையாது. அன்றைக்கு அவர் விடியும் முன்பே கடையைத் திறந்து, யாரும் கேட்காத சைக்கிளை எல்லாம் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பார். அதை நாலு தடவை பார்த்துவிட்டேன். ஐந்தாவது தடவை பார்க்க எனக்குப் பலம் இல்லை.

நான் எழுதியது அவருக்குத் தெரியாது. மாமாவிடம் நீ பேசிப் பார்ப்பாயா?

அன்புடன்,
அருள்மேரி


பரமக்குடி,
11-10-1959

அன்புள்ள மதினிக்கு,

சுகம். உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அதை எத்தனை தரம் படித்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

என் பிரயாணம் என்று நினைத்துத்தான் திட்டம் போட்டேன். அதை எடுத்து மறுபக்கமாகத் திருப்பி வைத்தீர்கள். திருப்பின பிறகுதான் அதற்கு அர்த்தம் வந்தது. அண்ணனுக்கு இப்படி ஒருவர் கிடைத்திருக்கிறார் என்று தெரியாமல் நான்கு வருஷம் அவனுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

புதிய திட்டம் இது. ஜனவரி 12, செவ்வாய்க்கிழமை நான் சைக்கிளோடு ரயிலில் பாம்பன் வந்துவிடுகிறேன். தலைமையாசிரியை லீவு தருவதாகச் சொல்லிவிட்டார். புதன்கிழமை காலை மூவரும் பாம்பனில் ரயிலேறி மண்டபத்தில் இறங்க வேண்டும். மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் சைக்கிளில். அன்று முருகம்மாள் வீட்டில் தங்கல். வியாழக்கிழமை பொங்கல். சத்திரக்குடி வழியாகப் பரமக்குடி. என் அறையில் தங்கல். வெள்ளிக்கிழமை மாட்டுப் பொங்கல். பதினைந்து மைல் தெற்கே போனால் எங்கள் ஊர். சாயங்காலம் மாட்டுக்குப் பொங்கல் வைக்கிற நேரத்துக்குப் போய்ச் சேரலாம்.

மண்டபம் - ராமநாதபுரம் ரோட்டில் லாரி அதிகமா? வேறு வழி இருந்தால் எழுதுங்கள். லாரிகளோடு போட்டி போட்டுக்கொண்டு போவதற்கு நாம் எதற்கு மூன்று நாள் எடுக்க வேண்டும்?

நன்றியுடன்,
உலகம்மாள்


சேசு மரி சூசை துணை

தங்கச்சிமடம்,
15-11-1959

அன்புள்ள உலகம்மாளுக்கு,

நாங்கள் நலம். இங்கே மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரமாக வள்ளம் எதுவும் கடலுக்குப் போகவில்லை. கரை முழுக்க ஆண்கள் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்துகிறார்கள், பெண்களை வம்புக்கு இழுக்கிறார்கள். உன் ஊரில் மழை உண்டா? மாமாவின் விதைப்பு நல்லபடியா?

ரோட்டில் லாரி உண்டு. அதை விட்டுவிட்டுப் புதுமடம், பெரியபட்டினம் வழியாகக் கடலோரமாகப் போகலாம். ஒத்தையடித் தடம், ஆனால் நிழல் இருக்கிறது. இரண்டு இடத்தில் மணல். இறங்கித் தள்ள வேண்டும். பெரியபட்டினத்தில் முஹைதீன் அண்ணன் என்று ஒருவர். என் அப்பாவிடம் கருவாடு எடுக்கிறவர். சொல்லிவிட்டால் மதியச் சாப்பாட்டைத் தயார் செய்துவிடுவார்கள். நான் முதல் தடவை போனபோது அந்த வீட்டம்மா என்னை மூன்று தடவை சாப்பிட வைத்தார்கள். இரண்டாவது தடவையோடு நிறுத்திக்கொள்ளத் தெரிந்துகொள்.

எனக்குச் சைக்கிள் விடத் தெரியாது. கடையில் இத்தனை சைக்கிள் இருந்தும் பழகவில்லை. இங்கே பழக இடம் இல்லை, பார்க்கிற கண்ணுக்கும் குறைவில்லை. நான் அவர் பின்னால் கேரியரில் உட்கார்ந்து வருவேன்.

வெறுங்கையோடு வர மனசில்லை. நெய்மீன் கருவாடு எடுத்து வரலாமா? பொங்கல் வீட்டுக்கு அது ஆகாது என்றால் எழுது.

மாமாவிடம் சொல்லிவிட்டாயா? போன கடிதத்திலும் கேட்டேன். நீ பதில் எழுதவில்லை.

அன்புடன்,
அருள்மேரி


பரமக்குடி,
6-12-1959

அன்புள்ள மதினிக்கு,

சுகம். இங்கும் மழை. வைகையில் தண்ணீர் வந்து ஊரே பாலத்தில் நின்று பார்த்தது. நானும் என் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

முன் டயர் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது என்று தோன்றுகிறது. மாற்ற வேண்டுமா, தாங்குமா என்று அண்ணனைக் கேட்டு எழுதுங்கள். கடலோர வழியே போவோம். மணலில் தள்ளுவதற்கும் சேர்த்து அரைமணி கூட்டிக்கொண்டேன். முருகம்மாளுக்கு எழுதிவிட்டேன், பொங்கலன்று காலையில் அவள் வீட்டுப் பொங்கலைச் சாப்பிடாமல் புறப்பட்டால் இனி என் முகத்தில் விழிக்க மாட்டாளாம்.

கருவாடு கொண்டுவாருங்கள். பொங்கல் முடிந்து மூன்று நாள் கழித்துப் பிரிக்கலாம். அதை மேலே வைத்துக் கட்டாமல் பைக்குள் அடியில் வைத்துக் கட்டுங்கள். இல்லாவிட்டால் ராமநாதபுரம் நாய்கள் எல்லாம் நம்மோடு ஊர்வலம் வரும்.

உங்களை முதல்முதலாகப் பாம்பன் ஸ்டேஷனில் பார்க்கப் போகிறேன். எப்படி அடையாளம் கண்டுகொள்வேன் என்று யோசித்தேன். அண்ணன் பக்கத்தில் நிற்பவர் நீங்கள்தானே என்று பிறகுதான் உறைத்தது.

அன்புள்ள,
உலகம்மாள்


தங்கச்சிமடம்,
20-12-1959

அன்புள்ள தங்கச்சி உலகம்மாளுக்கு அண்ணன் நாகநாதன் எழுதுவது.

சுகம். உன் சுகத்துக்கு எழுது.

டயரைப் பற்றி நீ கேட்டிருந்ததால் உன் கடிதம் என் கைக்கு வந்தது. முழுவதையும் படித்தேன். அவளைக் கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னாள். உங்கள் இருவர் மேலும் எனக்கு வருத்தம் இல்லை.

ஆனால் கூப்பிடாத வீட்டுக்கு நான் எப்படி வருவேன்? நான் மட்டும் என்றால் வந்து, அய்யா வாசலில் நிறுத்திப் பேசினாலும் கேட்டுக்கொண்டு நிற்பேன். இவளையும் கூட்டிக்கொண்டு வந்து, ஊர் பார்க்க வாசலில் நிறுத்த முடியாது. இவள் வீட்டில் என்னை ஒரு நாளும் நிறுத்தியது இல்லை. அய்யா ஒரு வார்த்தை, 'வா' என்று சொல்லி அனுப்பட்டும். அன்றைக்கே வாரேன். சொல்லாவிட்டால் பரமக்குடி வரைக்கும் வாரேன். நீ தங்கியிருக்கிற இடத்தைப் பார்த்துவிட்டு, ரயிலேறித் திரும்பிவிடுகிறோம்.

முன் டயரை மாற்றித்தான் ஆக வேண்டும். நீ இங்கே வரும்போது நானே மாற்றித் தாரேன். அதுவரைக்கும் கல் ரோட்டில் விடாதே.

இப்படிக்கு,
நாகநாதன்


பரமக்குடி,
27-12-1959

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். நான்கு வருஷத்துக்குப் பிறகு உன் கையெழுத்தைப் பார்த்தேன். 'ழ'கரத்துக்கு இன்னமும் வால் நீளம்தான்.

சரி அண்ணே. பரமக்குடி வரைக்கும் வா.

உன் தங்கை,
உலகம்மாள்


சேசு மரி சூசை துணை

அபிராமம் பக்கம், உங்கள் வீடு,
17-1-1960

அன்புள்ள உலகம்மாளுக்கு,

மேலே இடத்தின் பெயரைப் பார்.

நாங்கள் நலம். மாமா நலம். உன் கால் எப்படி இருக்கிறது?

சத்திரக்குடிப் பக்கம் ஆட்டுக்கு விலகி நீ விழுந்தபோது நான் பயந்துவிட்டேன். மறுநாள் காலையில் நீ காலில் துணி சுற்றிக்கொண்டு, "ஒரு அடி எடுத்து வைக்க ஏலல மதினி, அய்யா தனியா இருப்பாக, நீங்க போய்ச் சொல்லிட்டு வந்துருங்க, இன்னைக்கு பஸ்ஸும் இல்ல" என்றாய். அவர் உன் முகத்தையே பார்த்தார். பொங்கலுக்கும் வராத மகளுக்கு என்ன ஆயிற்றோ என்று மாமா வழி பார்த்துக்கொண்டிருப்பாரே என்று நீ சொன்ன பிறகுதான் சைக்கிளை எடுத்தார். எங்களை வழியனுப்ப வாசலுக்கு வந்தாய். எந்தக் காலை ஊன்றி நின்றாய் என்பதைக் கேரியரில் உட்கார்ந்தபடி நான் பார்த்தேன். அவரிடம் இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.

வழியில் அவர் பேசவே இல்லை. மூன்று நாளில் அன்றைக்குத்தான் பேச்சில்லை. முதல் நாள் பெரியபட்டினத்தில் அந்தம்மா சோறு போட்டபோது எப்படிச் சிரித்தார், மணலில் உன்னைச் சைக்கிள் தள்ளவிட்டு எப்படிக் கேலி செய்தார், அந்த மனிதரா இவர் என்று இருந்தது. ஊர் எல்லை வந்ததும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். நானும் பின்னால் நடந்தேன். கழுத்துச் சிலுவையைச் சேலைக்குள் விட்டுக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். விடவில்லை.

மாமா தொழுவத்துக்கு முன்னால் மாடுகளுக்குப் புதுக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். திரும்பி மாட்டைப் பார்த்தார். செவலை மாட்டுக்கு மாற்றி முடித்தார். மயிலை தலையை ஆட்டிக்கொண்டு நிற்கவில்லை. தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். இவர் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறார். உலகம்மாளுக்குக் காலில் அடி என்று சொல்லத்தான் வந்தோம் என்று சொல்ல வேண்டியவர், வாயைத் திறக்கவில்லை. நானாவது சொல்லிவிடலாமா என்று நினைக்கும்போது மாமா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"ஏலே, அங்கன என்ன நிக்கிற? வந்து இந்த மயிலையப் பிடி. நாலு வருசமா ஒத்த ஆளாக் கட்டிக்கிட்டு இருக்கேன்."

இவர் சைக்கிளை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். அது என் மேல் விழப் பார்த்தது. நான் பிடித்துக்கொண்டேன். மயிலையின் கொம்பை இவர் பிடித்துக்கொள்ள, மாமா கயிற்றைக் கட்டினார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மாட்டைத்தான் பார்த்தார்கள். மாடு பாவம், அத்தனை நேரம் அதன் கழுத்தை யாரும் தடவியிருக்க மாட்டார்கள்.

உனக்கு அடிபட்டதை அப்புறம் சொன்னோம். "விழட்டும்" என்றார் மாமா. கவலைப்பட்ட மாதிரித் தெரியவில்லை. எனக்கு அது இன்னும் விளங்கவில்லை.

அன்றைக்கு என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடுத்த வீட்டிலிருந்து உன் சித்தி வந்து என்னை உள்ளே கூட்டிப் போனார்கள். இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். நான் வழக்கம்போலக் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டேன். கண்ணைத் திறந்தால், மற்ற எல்லோரும் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள். மாமா மட்டும் சோற்றில் கை வைக்காமல் காத்துக்கொண்டிருந்தார். நான் கண்ணைத் திறந்த பிறகுதான் சோற்றைத் தொட்டார். உலகம்மா, அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

நேற்றுக் காலையில்தான் பேசினார். தொழுவத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, என்னிடம், "ஒனக்கு இது விடத் தெரியுமா தாயி?" என்றார். தெரியாது மாமா என்றேன்.

"பழகிக்க. இவன் பின்னால ஒக்காந்தே எத்தன தடவ வருவ" என்றார்.

செவ்வாய்க்கிழமை புறப்படுகிறோம். கருவாட்டை நாளைக்குப் பிரிக்கப் போகிறேன். மாமா இரண்டு தடவை அந்தப் பை பக்கம் போய் மோந்து பார்த்துவிட்டு வந்தார்.

உன்னை என் கூடப் பிறந்தவளாக நினைக்கும்,
அருள்மேரி


பரமக்குடி,
6-3-1960

அன்புள்ள மதினிக்கும் அண்ணனுக்கும்,

சுகம். நீங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்து எழுதிய கார்டு கிடைத்தது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம், எழுத வேண்டியது ஒன்று இருந்தது. அதை எழுத அனுமதி இல்லாமல் இருந்தது. இன்றைக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

மதினி, அய்யாவிடம் சொன்னாயா என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் நான் டயரைப் பற்றியும் மணலைப் பற்றியும் எழுதினேன். கார்த்திகையிலேயே சொல்லிவிட்டேன். அய்யா கயிறு திரித்துக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு அண்ணனையும் மதினியையும் சைக்கிளில் கூட்டிவரப் போகிறேன் என்றேன். அவர் கை நிற்கவில்லை. நார் தீர்ந்துபோகும் வரைக்கும் திரித்தார். மறுநாள் விடிந்து நான் புறப்படும்போது பின்னாலேயே வாசல் வரைக்கும் வந்தார்.

"எத்தன பேருக்கு அரிசி குத்தணும்?" என்றார்.

"ஒங்களையும் சேத்து நாலு பேருக்கு அய்யா."

"நாஞ் சொன்னேன்னு சொல்லாத. அவனா வரணும்."

சத்தியம் வாங்கிக்கொண்டார். அடுத்த மாதமே அண்ணன், 'ஒரு வார்த்தை சொல்லி அனுப்பட்டும்' என்று எழுதினான். அந்த வார்த்தை என்னிடம் இருந்தது. கொடுக்க முடியவில்லை. 'பரமக்குடி வரைக்கும் வா' என்று ஒரு வரி எழுதுவதற்கு எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. ஆட்டுக்கு விலகி விழுந்தது நிஜம். வலித்ததும் நிஜம், ஒரு மணி நேரத்துக்கு. நானும் கூட வந்தால், அண்ணனை நான் கொண்டுவந்து விட்டதாக ஆகிவிடும். அய்யா கேட்டது அதை அல்ல. எந்தக் காலை ஊன்றி நின்றேன் என்று பார்த்தும் வாயைத் திறக்காமல் இருந்தீர்களே, அதற்கு உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணனிடம் இப்போது நீங்களே சொல்லிவிடுங்கள். திட்டினால் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் போன அன்று பகல் முழுவதும் அறையில் தனியாக இருந்தேன். புத்தகத்தை எடுத்தால் ஓடவில்லை. சாயங்காலம் ஆயிற்று. நீங்கள் திரும்பி வரவில்லை. ஒவ்வொரு மணியாகப் போகப் போக, வராத ஒவ்வொரு மணிக்காகவும் சந்தோஷப்பட்டேன். வாழ்க்கையில் யாருக்காகவும் அப்படிக் காத்திருந்ததில்லை. வரக் கூடாதே என்று காத்திருந்தது அந்த ஒரு தடவைதான்.

இன்று அய்யா சந்தைக்கு வந்தவர் என் அறைக்கு வந்தார். தண்ணீர் குடித்தார். "காகிதம் எடு, நாஞ் சொல்றத எழுது" என்றார். சொல்லாதே என்று வாங்கியிருந்த சத்தியத்திலிருந்தும் அப்போதுதான் என்னை விடுவித்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதியதை, ஓர் எழுத்துக்கூடத் திருத்தாமல் கீழே வைக்கிறேன். அடியில் இருக்கும் கையெழுத்து அவருடையது.

நன்றி மறவாத,
உலகம்மாள்


நாகநாதனுக்கும் மருமக அருள்மேரிக்கும் கூத்தையா எழுதிக்கிறது. இங்கன எல்லாரும் சொகம். அங்கன சம்மந்தி வீட்ல எல்லாரும் சொகமான்னு எழுதவும். கருவாடு நல்லா இருந்துச்சு. அறுப்பு முடிஞ்சு நெல்லு வீடு வந்து சேந்துருச்சு. களம் காலியாக் கெடக்கு. பங்குனி பொறந்ததும் ரெண்டு பேரும் வாங்க. நாந்தான் கூப்புடுறேன். மருமக சைக்கிள் பழகுறதுக்குக் களத்தை விட்டா நல்ல எடம் கெடையாது, நல்லாச் சாணி போட்டு மெழுகிச் சமமா வச்சுருக்கேன். சுத்தி வைக்கப் படப்பு இருக்கதால தெருவுல போறவுக யாருக்கும் தெரியாது. நான் மட்டுந்தான் பாப்பேன். நானும் சிரிக்க மாட்டேன்.

கூத்தையா